சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி

கேள்வி:

டாக்டர் ஐயா, எனக்கு வயது 33. சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறேன். லிஃப்ட் பராமரிப்பு வேலை. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு முன் குளிக்கும்போது வலது விதைக்கு மேலே சுண்டைக்காய் அளவில் உருண்டையாக ஏதோ கையில் பட்டது. அப்போது வலி இல்லை. பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்து மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள், ஸ்கேனும் எடுத்தாயிற்று. ‘வலது எபிடிடிமிஸ் தலைப்பகுதியில் 11 மி.மீ. சிஸ்ட், விதைகள் இரண்டும் இயல்பு’ என்று அறிக்கை வந்தது. டாக்டர் இரண்டே நிமிடத்தில் ‘ஒன்றுமில்லை, பெரிதானால் வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார். ஒன்றுமில்லை என்றால் அது ஏன் அங்கே இருக்கிறது? இப்போது தினமும் மந்தமாக வலிக்கவும் செய்கிறது. வெட்டி எடுத்துவிட்டால் நிம்மதி என்று தோன்றுகிறது. ஊசி போட்டு உறிஞ்சிவிடலாமே என்கிறான் நண்பன். அம்மாவிடம் தொடையிடுக்கில் கட்டி என்று மட்டும் சொன்னேன். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தடவச் சொல்லி ஒரு பாட்டில் வாங்கி வைத்துவிட்டார். மனைவிக்கு இன்னும் தெரியாது. குழந்தை உண்டாவதில் சிக்கல் வருமா? அடுத்த மாதம் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி வேறு இருக்கிறது.
(பெயர் வேண்டாம், செங்காங்)

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று மாதத்துக்கு முன் வலி இல்லை என்கிறீர்கள், இப்போது வலிக்கிறது என்கிறீர்கள். கட்டி வளர்ந்ததாகச் சொல்லவில்லை. அப்படியானால் நடுவில் என்ன நடந்தது? என் ஊகத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையில் குளிக்கும்போது ஒரு தடவை, வேலையிடத்துக் கழிவறையில் ஒரு தடவை, ராத்திரி படுத்த பிறகு விளக்கை அணைத்துவிட்டு நாலைந்து தடவை என்று அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இருக்கிறதா, பெரிதாகிவிட்டதா, நகர்கிறதா என்று. கன்னத்தில் ஒரு இடத்தை நாளைக்குப் பத்து தடவை கிள்ளினால் அதுவும்தான் வலிக்கும். என் அறைக்கு இந்தக் கட்டியோடு வருகிறவர்களில் பாதிப் பேராவது வலியைத் தங்கள் விரலாலேயே வரவழைத்துக்கொண்டவர்கள். எனவே முதல் மருந்து, இரண்டு வாரம் கையை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் வலி இருந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சரி, அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு நிமிடத்தில் அதற்குப் பதில் சொல்ல முடியாதுதான், ஆனால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

விதையின் பின்பக்கம் முதுகில் ஒட்டினாற்போல ஒரு சுருள் குழாய் இருக்கிறது. அதுதான் எபிடிடிமிஸ். பார்க்க நான்கைந்து சென்டிமீட்டர்தான். பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும். நீங்கள் லிஃப்ட் வேலை பார்ப்பவர், கணக்குச் சட்டென்று புரியும்: வீவக அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு மாடி ஏறுகிற நீளம் ஒரு சுண்டுவிரல் இடத்துக்குள் சுருண்டு கிடக்கிறது. விதையில் உற்பத்தியாகும் விந்தணு பத்துப் பதினைந்து மெல்லிய குழல்கள் வழியாக மேல்பக்கம் வெளியேறி, இந்தச் சுருளின் தலைப்பகுதிக்குள் நுழைகிறது. அங்கிருந்து சுருள் முழுக்க ஊர்ந்து வரும்போதுதான் அது நீந்தக் கற்றுக்கொள்கிறது. அந்தத் தலைப்பகுதியில் ஏதாவது ஒரு மெல்லிய குழல் உப்பி, உள்ளே நீர் தேங்கி உருண்டையாகிவிடும். அதுதான் உங்கள் சுண்டைக்காய். உள்ளே இருப்பது தெளிந்த நீராக இருந்தால் எபிடிடிமிஸ் நீர்க்கட்டி என்போம். விந்தணுவும் கலந்து பால்போல் இருந்தால் விந்தணு நீர்க்கட்டி. ஸ்கேனில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், மருத்துவமும் ஒன்றுதான், ஆகவே எது என்று தேடித் தூக்கம் கெட வேண்டாம்.

ஏன் உப்புகிறது? சிலருக்கு அடிபட்டோ கிருமித் தொற்றாலோ அடைப்பு வந்திருக்கும், சிலருக்குக் கருத்தடை அறுவைக்குப் பிறகு வரும். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் எதையும் காட்ட முடியாது. நீங்கள் பைக் ஓட்டியதாலோ, இறுக்கமான ஜீன்ஸ் போட்டதாலோ, வேறு எதையாவது செய்ததாலோ வந்ததல்ல. (அந்த ‘வேறு எதையாவது’ என்னவென்று கேட்காமலேயே பல பேர் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் உட்கார்ந்திருப்பார்கள்.) வேறு காரணத்துக்காக விதைப்பை ஸ்கேன் எடுக்கும் ஆண்களில் பத்துப் பேருக்கு இரண்டு மூன்று பேரிடம் இது இருக்கும். பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள்.

நம் மொழியிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. சீழ் பிடித்தாலும் கட்டி, புற்றுநோய் வந்தாலும் கட்டி, நீர் தேங்கினாலும் கட்டி. வாயைத் திறந்து ‘கட்டி’ என்றதும் வீட்டில் எல்லார் முகமும் மாறிவிடுகிறது. உங்களுடையது நீர்ப்பை. புற்றுநோய் அல்ல, புற்றாக மாறவும் மாறாது. 11 மி.மீ. ஒரு ஊறவைத்த பட்டாணி, அவ்வளவுதான்.

உங்கள் அறிக்கையில் எனக்கு மிக முக்கியமான வரி கட்டியைப் பற்றியதல்ல, ‘விதைகள் இரண்டும் இயல்பு’ என்பதுதான். அதை இந்தக் கடிதத்தைப் படிக்கிற, இன்னும் டாக்டரிடம் போகாத மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். விதைப்பைக்குள் ஏதோ தட்டுப்பட்டால் நான் கேட்கும் முதல் கேள்வி, அது விதைக்குள்ளா, விதைக்குப் பக்கத்திலா? வெந்நீரில் குளித்த பிறகு பை தளர்ந்திருக்கும். அப்போது விதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். ஓடு உரித்த அவித்த முட்டை மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும். அதற்கு மேலேயோ பின்னாலேயோ தனியாக, விரலால் பிரித்து உணரக்கூடியதாக, மென்மையாக ஒரு உருண்டை இருந்தால் பெரும்பாலும் நீர்க்கட்டி. அந்த வழவழப்பிலேயே, விதையின் உடம்பிலேயே கல்மாதிரி ஒரு மேடு இருந்தால், வலி இல்லாவிட்டாலும், வலி இல்லாததாலேயே இன்னும் சீக்கிரமாக, அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். விதைப் புற்று பதினைந்து வயதிலிருந்து நாற்பதுக்குள் இருக்கிற இளைஞர்களைத்தான் அதிகம் தேடி வருகிறது. சின்ன வயதில் விதை கீழே இறங்காமல் இருந்தவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும். நல்ல சேதி, சீக்கிரம் கண்டுபிடித்தால் மிக நன்றாகக் குணமாகும் புற்றுகளில் இதுவும் ஒன்று.

இருட்டறையில் சின்ன டார்ச்சைக் கட்டிக்குப் பின்னால் வைத்துப் பார்ப்பது எங்கள் பழைய சோதனை. உள்ளங்கைக்குப் பின்னால் டார்ச் அடித்தால் விரலிடுக்கு சிவப்பாக மின்னுமே, அதுபோல நீர்ப்பை முழுக்கச் சிவந்து ஒளிரும். சதைக்கட்டி ஒளியை விடாது, இருட்டாகவே நிற்கும். மருத்துவ மாணவர்களுக்கு இதைக் காட்டும்போது இன்றைக்கும் எனக்கே ஒரு சந்தோஷம். ஆனால் நீங்கள் கைப்பேசி விளக்கை வைத்துக்கொண்டு வீட்டில் முடிவு கட்டாதீர்கள். ஒளி தெரிந்தால் நீர் என்று மட்டும்தான் அர்த்தம், அந்த நீருக்குப் பக்கத்தில் என்ன ஒளிந்திருக்கிறது என்று அது சொல்லாது. ஸ்கேன் சொல்லும். ஜெல் கொஞ்சம் குளிரும், ஒரு துண்டை அடியில் மடித்து வைத்துப் பையை உயர்த்துவார்கள், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், கதிர்வீச்சு கிடையாது.

மற்ற வீக்கங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். விதையே கைக்கு அகப்படாமல் அதைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டால் அது ஓதம், ஊரில் அண்டவாதம் என்பார்கள். யானைக்கால் கிருமியாலும் அது வரும். கும்பகோணம் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களிடம் நான் அதையும் கேட்பேன். இடது பக்கத்தில், நிற்கும்போது மண்புழு உருண்டைபோல் தடித்து, படுத்தால் வற்றினால் அது இரத்தக் குழாய் வீக்கம். இருமும்போது இறங்கி, படுத்தால் உள்ளே போனால் குடலிறக்கம். எபிடிடிமிஸே மணிமணியாகக் கெட்டியானால் காசநோயையும் நினைக்க வேண்டும். இவற்றில் எதையும் வீட்டில் உட்கார்ந்து பிரித்தறிய முயல வேண்டாம்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். திடீரென்று ஒரு விதையில் தாங்க முடியாத வலி, கூடவே குமட்டல் வாந்தி, விதை மேலே ஏறி நிற்கிறது என்றால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். இரத்த ஓட்டம் நின்றுவிடும். 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம். இதற்குப் பலதுறை மருந்தகத்தில் எண் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. பதின்ம வயதுப் பிள்ளைகள் கூச்சத்தில் ‘வயிறு வலி’ என்று சொல்லிப் படுத்துக்கொள்வார்கள். அம்மா அப்பாக்கள் போர்வையை விலக்கிக் கேட்க வேண்டும்.

கூச்சம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பதிவு முகப்பில் நம் ஆட்கள் சொல்வதும் அதே ‘வயிறு வலி’தான். உள்ளே வந்து பத்து நிமிடம் வயிற்றைத் தடவிப் பார்க்கவிட்டு, எழுந்து கதவுப் பிடியில் கை வைத்த பிறகு, ‘டாக்டர், இன்னொரு விஷயம்...’ என்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல் நேராகப் போய்க் காட்டியிருக்கிறீர்கள், பாராட்டுகிறேன். பெண் மருத்துவர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று போகாமலே இருப்பவர்களுக்கு: ஆண் மருத்துவர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கும். பெண் மருத்துவர்தான் இருந்தார் என்றால், அவர் உங்களுக்கு முன் இதைப்போல நூறு பார்த்திருப்பார்.

இப்போது வெட்டுவதற்கு வருவோம்.

அறுவை பெரிய காரியமில்லை. மயக்க மருந்து கொடுத்து, விதைப்பையில் சின்னதாகக் கீறி, கட்டியை உரித்து எடுத்து, கரையும் தையல் போட்டு, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பை ஊதா நிறமாகி ஒன்றிரண்டு வாரம் வீங்கிக் கிடக்கும், இறுக்கமான ஜட்டி போட வேண்டும், சில வாரம் பாரம் தூக்கக் கூடாது. செய்யத் தெரிந்தவன் நான், ஆனாலும் உங்களுக்குச் செய்ய மாட்டேன். காரணம் அந்த 6 மீட்டர்தான். சுருளின் தலையில் பல குழல்கள் சேர்ந்த பிறகு, அங்கிருந்து கீழே வால் வரை அது ஒற்றைக் குழாய். வடகிழக்குப் பாதையில் தண்டவாளம் பழுதானால் உங்களுக்குச் செங்காங்கிலிருந்து மாற்றுப் பேருந்தாவது விடுவார்கள். இங்கே அதுவும் கிடையாது. கட்டியை உரிக்கும்போது குழாயில் ஒரு இடம் கிழிந்தோ, பிறகு தழும்பால் சுருங்கியோ அடைத்துக்கொண்டால், அந்தப் பக்கத்து விந்தணு வெளியே வர வழியில்லை. கட்டி உங்கள் பிள்ளைப்பேற்றைக் கெடுக்காது. கத்தி கெடுக்கக்கூடும். அதனால்தான் குழந்தை பெற எண்ணியிருக்கும் ஆண்களுக்கு, முடிந்தவரை, அதெல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறோம்.

அது தவிர இரத்தம் கட்டுவது, சீழ் பிடிப்பது, கட்டி மறுபடி வருவது, வலி தங்கிவிடுவது எல்லாம் உண்டு. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பயம். வேறோர் இடத்தில் பட்டாணி அளவுக் கட்டியை எடுத்துவிட்டு வந்த ஒரு இளைஞரை நினைத்துக்கொள்கிறேன். கட்டி போய்விட்டது, ஸ்கேன் சுத்தம். வலி மட்டும் ஒன்றரை வருடமாக உட்காரும்போதெல்லாம் கூடவே உட்காருகிறது. முன்பு அவருக்குக் கவலை மட்டும்தான் இருந்தது.

யாருக்கு வெட்டுவேன்? ஐம்பதைத் தாண்டிய ஒருவர் (அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன்) மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் கடந்து வேலைக்கு வருபவர். அவருடையது பத்து வருடமாக வளர்ந்து நுங்குச்சுளையைத் தாண்டி எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. சோதனைச்சாவடி வரிசையில் மணிக்கணக்காக இருக்கையில் உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, கடைசியில் முதுகுவலிக்கு மருந்து கேட்டு ஒரு கிளினிக்குக்குப் போக, அங்கிருந்து என்னிடம் வந்தார். பிள்ளைகள் கல்லூரி முடித்துவிட்டார்கள். அவருக்கு எடுத்தேன். ஆறு வாரம் கழித்து வந்தபோது முதுகுவலியும் போய்விட்டது என்றார். அப்படி அளவாலோ பாரத்தாலோ வாழ்க்கையைத் தொந்தரவு செய்தால் எடுக்கலாம். இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுக்கக் கூடாது.

நண்பர் சொன்ன ஊசிக்கும் இதே பதில்தான், இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. உறிஞ்சி எடுப்பது நீரைத்தான், பை அப்படியே இருக்கும். ஊற்று இருக்கிற குழியில் வாளி போட்டு இறைத்த கதை, மறுபடி ஊறிவிடும். ஊறாமல் இருக்க உள்ளே ஒரு மருந்தைச் செலுத்திப் பையின் சுவர்களை ஒட்டவைப்பதும் உண்டு. ஆனால் அந்த மருந்தே எபிடிடிமிஸைப் புண்ணாக்கிக் குழாயை அடைத்துவிடலாம். அறுவை தாங்காத வயதானவர்களுக்கு அதை யோசிக்கலாம். எட்டு மாத மாப்பிள்ளைக்கு வேண்டாம்.

குழந்தையைப் பற்றி: இரண்டு விதைகளும் இயல்பு என்றால் இந்தக் கட்டியால் மட்டும் தடை வராது. எட்டு மாதத்தில் உண்டாகவில்லை என்பதும் அசாதாரணம் இல்லை. ஒரு வருடம் முயன்றும் இல்லை என்றால் இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போகலாம். மனைவிக்கு 35க்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே, அதாவது இப்போதே. உங்கள் பங்கு ஒரு விந்துப் பரிசோதனை, அவ்வளவுதான். அதற்காகவாவது மனைவியிடம் சொல்லிவிடுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் கவலைப்படுவது அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? அவர் வேறு ஏதாவது கற்பனை செய்துகொண்டிருப்பார்.

ரிசர்விஸ்டுக்குப் போகலாம், ஓடலாம். தொளதொள அரைக்கால் சட்டைக்குள் வெறுமனே விடாமல் நல்ல பிடிமானமான உள்ளாடை போடுங்கள். அறிக்கையின் ஒரு நகலை எடுத்துப் போய் முகாம் மருத்துவ அதிகாரியிடம் காட்டுங்கள். வலி அதிகமானால் அவருக்குப் பின்னணி தெரிந்திருக்கும்.

மறுபடி எப்போது டாக்டரிடம் போவது? கட்டி கண்கூடாகப் பெரிதானால், விதையின் மேலேயே கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ சேர்ந்து வந்தால், கையை எடுத்த பிறகும் வலி நின்றபாடில்லை என்றால். மற்றபடி மாதம் ஒரு தடவை, குளித்த பிறகு, அரை நிமிடம் தொட்டுப் பார்த்தால் போதும். கைப்பேசியில் நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்கள், மற்ற இருபத்தொன்பது நாளும் அந்தப் பக்கம் கை போகக் கூடாது. பின்னாளில் அறுவை தேவைப்பட்டால் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போங்கள், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அதில் மானியக் கட்டணம் உண்டு. பகல்நேர அறுவைக்கு உங்கள் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்தும் ஓரளவு எடுக்கலாம். வேலை அனுமதிச்சீட்டில் இருக்கும் தம்பிகள், முதலாளி உங்களுக்காக எடுத்திருக்க வேண்டிய காப்புறுதியைப் பற்றி முதலில் கேளுங்கள்.

அப்புறம் அந்த விளக்கெண்ணெய். சூடு பண்ணி அங்கே தடவ வேண்டாம். விதைப்பைத் தோல் மெல்லியது, சட்டென்று வெந்துவிடும், எண்ணெய்ச் சூட்டுப் புண்ணோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் தோலைத் தாண்டி உள்ளே போய் நீர்க்கட்டியைக் கரைக்கவும் கரைக்காது. அம்மா ஆசையாக வாங்கியது, தூக்கிப் போடாதீர்கள். நாளெல்லாம் பாதுகாப்புக் காலணி போட்டு நிற்கிறீர்கள், குதிகால் வெடிப்புக்கு ராத்திரியில் தடவுங்கள்.